இன்ஸ்பெக்டரம்மா ‘இன்னா’ என்று கேட்கக் கூடாதா?

தமிழ் டப்பிங்குக்கு வசனம் எழுதுகிறவர்கள் பொய் சொல்கிறார்கள். எல்லோரும் அப்படி இல்லை என்று யாரும் எனக்குச் சமாதானம் சொல்ல வேண்டாம். நான் பார்த்த எல்லாக் குற்றத் தொடரிலும் பொய் சொல்லியிருக்கிறார்கள். நார்வேயில் ஒரு கொலை நடக்கிறது. பிணத்தைத் தூக்குகிறவன், குடித்துவிட்டு விழுந்து கிடக்கிறவன், திருட்டு வாட்ச் வாங்குகிறவன், வீடு பெருக்குகிறவள் என்று யாரைச் சந்தேகப்பட வேண்டுமோ அவர்கள் எல்லோரும் ‘இன்னா சார்’ என்கிறார்கள். இன்ஸ்பெக்டரும் டாக்டரும் வக்கீலும் ‘என்ன நடந்தது என்று சொல்லுங்கள்’ என்கிறார்கள். துருவத்துக்குப் பக்கத்தில், கடலே உறைகிற ஊரில், குற்றவாளி மட்டும் எங்களை மாதிரி ‘இன்னா’ சொல்கிற கள்ளக்குறிச்சிக்காரன். அவ்வளவு பேர் எப்படி இங்கே வந்து சேர்ந்தார்கள்? நான் வந்து இத்தனை வருடமாகிறது. இந்த ஊரில் கள்ளக்குறிச்சிப் பக்கத்து ஆள் என்றால் நானும் என் வீட்டுக்காரரும்தான். நாங்கள் இதுவரை யாரையும் கொல்லவில்லை.

நான் இருப்பது நார்வேயின் வடக்கில் ஒரு மீன்பிடித் துறைமுகம். வீட்டுக்காரர் படகுப் பட்டறையில் வெல்டர். நான் மீன் கம்பெனியில் கத்தி பிடிக்கிறேன். என் அப்பா அம்மா ரிஷிவந்தியம் பக்கம் கரும்பு வெட்டினவர்கள். அதனால் வெட்டுவது எனக்குப் புதிது இல்லை. எனக்கு இங்கே பழகாதது வானொலிதான். கம்பெனியில் நாள் முழுக்க வானொலி ஓடும். அதில் செய்தி வாசிக்கிற அம்மாள், என் பக்கத்தில் ரப்பர் பூட்ஸோடு நிற்கிற மாரிட் மாதிரியே பேசுகிறாள். மாரிட் எட்டாவது தலைமுறையாக மீன் அறுக்கிற குடும்பம் என்று அவளே சொல்லிக்கொள்வாள். முதலில் நான் அதை ஏதோ நகைச்சுவை நிகழ்ச்சி என்று நினைத்தேன். இப்படிப் பேசினால் எங்கள் ஊரில் காமெடிதானே! சிரித்தும் வைத்தேன். சுற்றி நின்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். அப்போது வானொலியில் ஓடிக்கொண்டிருந்தது படகு கவிழ்ந்து ஆள் செத்த செய்தி.

இந்தக் குழப்பம் அதற்கு முன்பே மொழி வகுப்பில் ஆரம்பித்தது. நார்வேஜியனில் ‘என்ன’ என்பதற்கு ‘வா’ என்று சொல்லிக்கொடுத்தார்கள். அதைச் சொல்லிக்கொடுப்பதற்கு முன்னால், முதல் நாள், நான் ஏதோ முனகியதைக் கேட்டு டீச்சர் என்னைப் பார்த்து ‘வா?’ என்றாள். நான் எழுந்து போய் அவள் முன்னால் நின்றேன். அவள் பயந்துபோய் மறுபடியும் ‘வா?’ என்றாள். நான் இன்னும் ஓரடி முன்னால் போனேன். அது பள்ளிக்கூட நார்வேஜியன், தலைநகரத்து மொழி. கம்பெனிக்கு வந்தால் ஒருவரும் ‘வா’ சொல்லவில்லை. இங்கே ‘என்ன’ என்பதற்கு ‘கா’. ‘கா டு செய்?’ என்று மாரிட் மூச்சுக்கு ஒருமுறை கேட்பாள். அவள் ‘செய்’ என்கிறாளே என்று நானும் கையை வேகமாக ஓட்டினேன். கெட்டிக்கார வேலைக்காரி என்று எனக்குப் பேர் வந்தது அப்படித்தான். அதற்கு அர்த்தம் ‘என்ன சொல்ற?’ என்று பிறகுதான் தெரிந்தது. இல்லை, அப்படி எழுதுவதும் தப்பு. சரியான அர்த்தம் ‘இன்னா சொல்ற?’ என்பதுதான். புத்தகத்தில் இருக்கிற ‘என்ன’வுக்கும் எங்கள் வாயில் இருக்கிற ‘இன்னா’வுக்கும் எவ்வளவு தூரமோ, அந்த ‘வா’வுக்கும் இந்த ‘கா’வுக்கும் அவ்வளவு தூரம். ஒரே வித்தியாசம், ‘கா’ சொல்கிறவள் இங்கே செய்தி வாசிக்கிறாள், வழக்கு நடத்துகிறாள், பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்கிறாள். யாரும் அவளை நாக்கைக் கழுவிக்கொண்டு வரச் சொல்வதில்லை.

நான் குற்றத் தொடர் பார்க்க ஆரம்பித்தது மொழி பழகுவதற்கு. அப்புறம் விட முடியவில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் நானும் என் அக்கா அஞ்சலையும் சேர்ந்து பார்க்கிறோம். அக்கா கள்ளக்குறிச்சி டவுனில் கருணாபுரத்தில் இருக்கிறாள், ரைஸ்மில்லில் வேலை. அவள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு உட்காருகிற நேரம் எனக்குக் காலை. போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு இரண்டு வீட்டிலும் ஒரே சமயத்தில் ஓட விடுவோம். நான் மூல மொழியில், அவள் தமிழில். அக்காவுக்கு எழுத்துக் கூட்டிப் படிப்பது கஷ்டம். கீழே ஓடுகிற வரியைப் படித்து முடிப்பதற்குள் இன்னொரு பிணம் விழுந்துவிடும். அவளுக்கு டப்பிங்தான் கண்ணும் காதும்.

இந்தத் தொடர்களை நான் திட்டவில்லை. தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறேன். வேலை முடிந்து வந்து அழுகை நாடகத்தில் நாலு வருடம் ஒரே வீட்டுக்குள் அடைந்து கிடக்காதீர்கள். இவற்றைப் பாருங்கள். ‘கரிச்சேறு’ என்று ஓர் அயர்லாந்துத் தொடர். சதுப்பு நிலத்தில் எரிக்கிறதற்காக மண்ணை வெட்டி எடுக்கிறார்கள். வெட்டும்போது ஒரு பெண்ணின் கை வெளியே வருகிறது. அவள் யார் என்று கண்டுபிடிக்கவே மூன்று பாகம். துப்பாக்கி இல்லை, துரத்தல் இல்லை. மழை பெய்துகொண்டே இருக்கும், எல்லோரும் டீ குடித்துக்கொண்டே இருப்பார்கள், நீங்கள் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டீர்கள். ‘கடைசி ஃபெர்ரி’ என்று ஸ்காட்லாந்துத் தீவில் நடக்கிற ஒன்று. கொன்றது யார் என்று தீவில் எல்லோருக்கும் முதல் நாளே தெரியும், போலீசுக்கு மட்டும் தெரியாது. ஊர் முழுக்க ஏன் வாயை மூடிக்கொண்டிருக்கிறது என்பதுதான் கதை. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே ‘உப்புக் கிடங்கு’. அது இந்தப் பக்கத்துத் தொடர். மீனுக்கு உப்புப் போடுகிற கிடங்கில் ஒரு கூலிப் பெண் செத்துக் கிடக்கிறாள். எட்டு பாகமும் அவளைப் பற்றித்தான். அவள் என்ன சாப்பிட்டாள், யாரோடு சண்டை போட்டாள், எந்தப் பாட்டைப் பாடிக்கொண்டு வேலை செய்வாள் என்று ஒவ்வொரு வீடாகப் போய் விசாரிக்கிறார்கள். முதல் பாகத்தில் இன்ஸ்பெக்டர் செத்தவளின் அம்மா வீட்டுக்குப் போகிறாள். வாசலில் பூட்ஸைக் கழற்றுகிறாள். இங்கே எல்லோரும் அப்படித்தான். ஆனால் அக்கா போனில் கத்தினாள்.

“ஏ செல்வி, இன்னாடி இது, போலீசு செருப்பக் கழட்டிட்டு உள்ள வருது!”

“இங்க வூட்டுக்குள்ள அப்படித்தாங்கா வருவாங்க.”

“நம்ம வூட்டுக்கு வந்தப்ப கதவையே கழட்டிட்டுல்ல வந்தாங்க.”

பாகம் முடிந்த பிறகு சொன்னாள். “ஒரு கூலிக்காரி செத்ததுக்கு எத்தினி பேரு தேடிக்கினு இருக்காங்க பாரு. எப்படிச் செத்தான்னு கேக்கறாங்க, எப்படி இருந்தான்னும் கேக்கறாங்க.” அவள் எதை நினைத்துச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும். கள்ளச்சாராயச் சாவு நடந்த அந்த வருடம் அவள் தெருவில் அடுத்தடுத்த வீட்டில் பாடை கட்டினார்கள். டிவியில் ஓர் எண் ஓடியது. மணிக்கு மணி அந்த எண் மாறியது. செத்துப்போன பக்கத்து வீட்டுக்காரர் நன்றாகக் கோலாட்டம் ஆடுவார் என்று அக்கா மைக் நீட்டியவர்களிடம் சொல்லிப் பார்த்தாள். அது அவர்களுக்கு வேண்டாம். எங்கே வாங்கினார், எவ்வளவு குடித்தார் என்பதுதான் வேண்டும். அதற்கு அவள் சொன்ன பதிலைக்கூட, தமிழ்நாட்டுக்காரர்களுக்கே புரியாது என்பதுபோல, கீழே நல்ல தமிழில் எழுத்துப் போட்டு ஒளிபரப்பினார்கள். அதனால்தான் சொல்கிறேன், ‘உப்புக் கிடங்கு’ எடுத்தவர்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். ஓர் ஏழையின் சாவுக்கு எட்டு மணி நேரம் கொடுத்திருக்கிறார்கள்.

இப்போது ஐந்தாவது பாகத்துக்கு வருகிறேன். கொலை செய்தது யார் என்று சொல்ல மாட்டேன், பயப்படாதீர்கள். இன்ஸ்பெக்டர் பெயர் இங்க்ரிட். அந்தத் துறைமுகத்திலேயே பிறந்தவள். சின்ன வயதில் தலைநகரத்துக்குப் போய், படித்து, பேச்சை மாற்றிக்கொண்டவள். நான்கு பாகம் அந்தப் பள்ளிக்கூட மொழியில்தான் பேசுகிறாள். எல்லோரும் சந்தேகப்படுகிற ஆள் ரூத், படகுக் கூலியின் பெண்டாட்டி. நான்கு பாகமும் ‘தெரியாது’ தவிர ஒன்றும் சொல்லாதவள். ஐந்தாவதில் விசாரணை அறை. ரூத் வாய்க்குள் ஏதோ சொல்கிறாள். இங்க்ரிட் களைத்துப்போய் இருக்கிறாள். தன்னை அறியாமல் ‘கா டு செய்?’ என்று கேட்டுவிடுகிறாள். ‘வா’ இல்லை, ‘கா’. ரூத் தலையை நிமிர்த்துகிறாள். அவளைப் பார்க்கிறாள். பார்த்துக்கொண்டே இருக்கிறாள். பிறகு மெதுவாக, “நீ யார் வூட்டுப் பொண்ணு?” என்று கேட்கிறாள். அங்கிருந்து அவள் வாய் திறக்கிறது, கதை திறக்கிறது. நான் டீ ஆறிப்போவது தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். ஒரு வார்த்தையில் ஒரு கதவைத் திறந்து காட்டியிருக்கிறார்கள். இதைவிட நல்ல காட்சியை நான் எந்தத் தொடரிலும் பார்த்ததில்லை.

அக்காவின் தமிழில் என்ன நடந்தது தெரியுமா? ரூத் முதல் பாகத்திலிருந்தே ‘எனுக்குத் தெரியாதும்மா’ என்று எங்கள் பேச்சு பேசுகிறாள். சரி. இங்க்ரிட் முதல் பாகத்திலிருந்து நல்ல தமிழ் பேசுகிறாள். அதுவும் சரி. ஐந்தாவது பாகத்தில், அந்த இடத்தில், இங்க்ரிட் கேட்கிறாள்: ‘என்ன சொல்கிறீர்கள்?’ எப்போதும் கேட்பது போலவே. உடனே ரூத் நிமிர்ந்து, ‘நீ யார் வூட்டுப் பொண்ணு?’ என்கிறாள்.

அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. “ஏண்டி, இவ்ளோ நாளு வாயத் தொறக்காதவ திடீர்னு எப்படிப் பேசறா? நடுவுல அடிச்சாங்களா? அத மட்டும் கட் பண்ணிட்டாங்களா?”

“அடிக்கலக்கா.”

“அட போடி. போலீசப் பார்த்து யார் வூட்டுப் பொண்ணுன்னு கேக்கறாளே. அடி ஜாஸ்தியாகி புத்தி பேதலிச்சாத்தான் அப்படிக் கேப்பாங்க.”

அடி உதை இல்லாமல், ஒரு வார்த்தையால் உண்மையைப் பேச வைத்த காட்சி அது. அதை எங்கள் ஊரில் ஒரு பெண், லாக்கப்பில் அடித்த காட்சியாகப் பார்த்துவிட்டு எழுந்து போனாள். தப்பு அவள் மேல் இல்லை. அவளுக்குக் கொடுத்ததை வைத்து அவள் சரியாகத்தான் துப்பறிந்தாள்.

இதைவிடக் கொடுமை ஒன்று இருக்கிறது. ரூத்துக்குத் தமிழில் குரல் கொடுத்தது அக்காவின் மகள் தேன்மொழி. சென்னையில் டப்பிங் வேலை செய்கிறாள். முதல் பாகத்திலேயே அக்கா கண்டுபிடித்துவிட்டாள். “எம் பொண்ணு கொரலு வெள்ளக்காரி வாய்ல இருந்து வருதுடி” என்று சிரித்துச் சிரித்து இருமினாள். தேன்மொழிக்குக் காது அவ்வளவு கூர்மை. ஹாஸ்டலில் வெள்ளிமலையிலிருந்து வந்த பிள்ளைகளோடு படித்தவள், கல்வராயன் மலைப் பேச்சு வேறு, எங்கள் கீழ்நாட்டுப் பேச்சு வேறு என்று வரிக்கு வரி பேசிக் காட்டுவாள். ஒரு போலீஸ் தொடரில் அவளை மலைக்காரப் பெண்ணாகப் பேசச் சொன்னார்கள். சாராய ஊறல் போடுகிறவளாகத்தான், வேறு எதற்கு மலைக்காரி! அவள் மலைப் பேச்சைச் சரியாகப் பேசினாள். ‘இது யாருக்கும் புரியாது, நீ உன் லோக்கல்லயே பேசு’ என்றார்கள். அவர்களுக்கு எல்லா ஏழையும் ஒரே ஊர்.

‘உப்புக் கிடங்கு’ பேசும்போதும் அவள் சும்மா இருக்கவில்லை. வசனம் எழுதியவரிடம் அவள் என்ன கேட்டாள் என்பதை என்னிடம் போனில் நடித்தே காட்டினாள்.

“சார், இந்த எடத்துல இன்ஸ்பெக்டரம்மாவும் நம்ம மாதிரி ‘இன்னா’ன்னு கேக்கணும் சார். அப்பதான் இவ வாயத் தொறப்பா.”

“இன்ஸ்பெக்டர் லோக்கலா பேசினா காமெடி ஆயிடும்மா. ஜனங்க சிரிப்பாங்க.”

“எந்த ஜனங்க சார்?”

“பாக்கற ஜனங்கம்மா.”

“எங்கம்மாவுந்தான் சார் பாக்குது. அது ஜனத்துல சேத்தி இல்லியா?”

அவர் மைக்கை ஆன் பண்ணச் சொல்லிவிட்டார்.

இப்போது இரண்டாவது சீசன் இங்கே வந்துவிட்டது. அதில் இங்க்ரிட் துறைமுகத்துக்கே திரும்பி வந்து குடியேறிவிடுகிறாள். முதல் காட்சியிலிருந்து ‘கா’ தான். மேலதிகாரியிடமும் ‘கா’, மந்திரியிடமும் ‘கா’. தமிழ் டப்பிங் வேலை நடக்கிறது. இங்க்ரிட்டுக்கு முதலில் குரல் கொடுத்த பெண் வெளிநாடு போய்விட்டதால் புதுக் குரல் தேடினார்கள். தேன்மொழியைக் கூப்பிட்டுப் பேசச் சொன்னார்கள். அவள் ஒரே காட்சியை இரண்டு விதமாகப் பேசினாள், ஒரு முறை அவர்களுடைய நல்ல தமிழில், ஒரு முறை எங்கள் பேச்சில். குரல் பிரமாதம், முதலாவது போதும் என்றார்கள். அவள், “ரெண்டாவதுதான் சார் அந்தம்மா பேசறது. அப்படின்னாத்தான் நான் பேசுவேன்” என்றாள். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்கள். அதற்குப் பிறகு இன்ஸ்பெக்டர் வேலைக்கும் கூப்பிடவில்லை, முன்பு கொடுத்துக்கொண்டிருந்த திருடன் பெண்டாட்டி, வேலைக்காரி வேலைக்கும் கூப்பிடவில்லை. திமிர் பிடித்தவள் என்று பேர் பரவிவிட்டது.

இதை மாரிட்டிடம் சாப்பாட்டு நேரத்தில் சொன்னேன். மாரிட் பேசுவதை நான் எங்கள் ஊர்ப் பேச்சில்தான் எழுதுவேன், அவள் அப்படித்தான் பேசுகிறாள். தமிழில் ரூத் மட்டும்தான் ஊர்ப் பேச்சு, இங்க்ரிட் பேச மாட்டாள் என்றேன்.

“இன்னா சொல்ற?” என்றாள் மாரிட். “அப்ப உங்க ஊர்ல போலீசுக்காரங்க எல்லாம் வேற தேசத்துல இருந்து வராங்களா?”

இல்லை, அதே ஊர்தான் என்று ஆரம்பித்தேன். என் மொழி அரைகுறை. எங்கேயோ தப்பாகச் சொல்லியிருக்கிறேன். அவள் தலையை ஆட்டி, “பாவம், இன்னும் உங்கள இங்கிலீசுக்காரந்தான் ஆண்டுக்கினு இருக்கானா?” என்று கேட்டாள். அதற்கு மேல் நான் அவளைத் திருத்தவில்லை.

போன ஞாயிறு அக்கா மகளைப் பற்றிப் புலம்பினாள். “கெடச்சத வுட்டுட்டு ரூம்ல குந்திக்கினு இருக்குது. அவங்க சொல்ற மாதிரி பேசிட்டுப் போனா இன்னா கொறஞ்சிடும்? நீயாவது சொல்லுடி.” ஐந்தாவது பாகத்தை மறுபடியும் போட்டேன், மூல மொழியில். அந்த இடத்தில் நிறுத்தினேன். இங்க்ரிட் முன்னால் ‘வா’ என்று கேட்பதையும் இப்போது ‘கா’ என்று கேட்பதையும் போன் அருகே பிடித்து இரண்டு முறை கேட்க வைத்தேன். முதலாவது ‘என்ன’, இரண்டாவது ‘இன்னா’ என்றேன். அக்கா இன்னொரு முறை போடச் சொன்னாள். போட்டேன்.

“அப்ப அடிக்கலியா?” என்றாள்.

“இல்லக்கா.”

“அந்த ஒரு வார்த்தைக்கா பேசினா?”

“அந்த ஒரு வார்த்தைக்குத்தான்.”

“அப்ப எம் பொண்ணு கேட்டது ஞாயந்தான். இருக்கட்டும். சோறு நான் போடறேன்.”

இதைப் பத்திரிகையில் எழுதினால் உன் பெயர் வருமே என்று தேன்மொழியிடம் கேட்டேன். “போடு சின்னம்மா. வேலைதான் இல்லியே, பேராவது வரட்டும்” என்றாள்.

நீங்கள் இந்தத் தொடர்களைக் கட்டாயம் பாருங்கள். வாசிக்கத் தெரிந்தவர்கள் தமிழ் ஒலியை அணைத்துவிட்டு மூல மொழியில் கேட்டுக்கொண்டு வரிகளைப் படியுங்கள். வாசிக்கத் தெரியாதவர் வீட்டில் இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து, எங்கே யார் எப்படிப் பேசுகிறார்கள் என்று சொல்லுங்கள். நான் இப்போதெல்லாம் டிவியில் நார்வேஜியனையும் போனில் தமிழையும் சேர்த்தே ஓட விடுகிறேன். ஒரு காதில் இன்ஸ்பெக்டர் எங்கள் தெருக்காரி. இன்னொரு காதில் அவள் எனக்கு யாரோ. பக்கத்தில் கடலைப் பார்த்தால் இதுவும் என் ஊர் மாதிரி இல்லை, காதில் அந்தத் தமிழைக் கேட்டால் அதுவும் என் ஊர் மாதிரி இல்லை. நடுவில் உட்கார்ந்துகொண்டு யார் சொல்வது உண்மை என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

‘உப்புக் கிடங்கு’ தமிழ் வசனம் எழுதியவரே, உங்களிடம்தான் முடிக்கிறேன். தேன்மொழிக்குத் தனியாகப் போன் போட்டுச் சமாதானம் சொல்ல வேண்டாம். அடுத்த தொடரில் பெரிய வேலைக்காரி வேஷம் தருகிறேன் என்று ஆள் அனுப்பவும் வேண்டாம். இரண்டாவது சீசன் தமிழில் வெளிவருவதற்கு முன்னால், இதே பத்திரிகையில், உங்கள் பெயரைப் போட்டு, என் அக்காவுக்கு யாராவது வாசித்துக் காட்டினால் புரிகிற தமிழில் எழுதுங்கள். எங்கள் பேச்சு பேசுகிற ஒருத்தி கையில் விலங்கு மாட்டிக்கொள்ளலாம், மாட்டிவிடக் கூடாதா? ஆமாம் என்றால் ஆமாம் என்று சொல்லுங்கள். இல்லை என்றால் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு மைக் முன்னால் நிற்க வையுங்கள். எதுவானாலும் எல்லோருக்கும் முன்னால் பதில் சொல்லுங்கள்.